எட்டுக் காலிக் கட்டில்கள்

1936 நவம்பர் மாதம், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், பினாங்கில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியின் முன்படிக்கட்டில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஏறினாள். பத்து மாதமாக அங்கே நர்ஸ் வேலை பழகிக்கொண்டிருந்தவள்தான். ஆனாலும் அந்தப் படிக்கட்டில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அது வெள்ளைக்காரர்களுக்கென்று கட்டிய படி. மற்றவர்களுக்குச் சமையல்கட்டுக்குப் பின்னால் ஓர் இரும்புப் படி இருந்தது. அவள் பெயர் வள்ளிநாயகி. அன்று அவள் தனியாகவும் ஏறவில்லை. காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணைத் தோளில் தாங்கிக்கொண்டு ஏறினாள்.

வள்ளிநாயகியின் தகப்பனார் குலசேகரம் 1908-இல் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. இருபத்தெட்டு வருஷம் ஒரே மேசை. சீமையிலிருந்து வந்து இறங்கும் இருபத்திரண்டு வயது வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கோப்பு எது, கடுதாசி எது என்று அவர்தான் சொல்லிக்கொடுப்பார். ஆறு மாதத்தில் அந்தப் பையன் அவருக்கே அதிகாரி ஆவான். மறுநாள் காலையிலிருந்து குலசேகரம் அவனை ‘சேர்’ என்று கூப்பிடுவார். அந்த நாற்காலிக்கு மனுப் போடுவதற்கே அவருக்கு வழி கிடையாது. தாயும் தகப்பனும் ஐரோப்பிய வம்சமாக இருக்கவேண்டும் என்று விதியிலேயே எழுதிவைத்திருந்தார்கள். குலசேகரம் இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. டத்தோ கிராமாட் சாலையில் இருந்த அவர்களுடைய மரவீட்டில் இங்கிலாந்து மன்னரின் படம் மாட்டியிருந்தது.

வள்ளிநாயகி ஆங்கிலப் பள்ளியில் ஜூனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தாள். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கண்டவர்களின் மலம் மூத்திரம் அள்ளுகிற வேலை நம் ஆட்களுக்கு எதற்கு என்றார்கள். ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் மிஸ் கார்ட்டன் என்ற வெள்ளைக்கார அம்மாள், எல்லாரும் மேட்ரன் என்று கூப்பிடுவார்கள், “நல்ல குடும்பத்துப் பெண்களைத்தான் நாங்கள் எடுக்கிறோம்” என்று குலசேகரத்துக்குக் கடிதம் எழுதினாள். அந்த ஒரு வரிக்காகவே அவர் சம்மதித்தார்.

ஆஸ்பத்திரி இரண்டு மாடி. மேலே ஐரோப்பியர் வார்டு. எட்டுக் கட்டில், எட்டுக் கொசுவலை, தலைக்கு மேலே மின்விசிறி, கடற்காற்று வருவதற்குப் பெரிய ஜன்னல்கள். கீழே பின்பக்கம் மூன்றாம் வகுப்புப் பெண்கள் வார்டு. அங்கே கட்டில் பன்னிரண்டு. பெண்கள் ஒருநாளும் பதினைந்துக்குக் குறைந்ததில்லை. பிள்ளை பெற்றவர்கள், பெறப்போகிறவர்கள், காய்ச்சல்காரர்கள் எல்லாரும் ஒன்றாகக் கிடப்பார்கள். கட்டில் கிடைக்காதவர்களுக்குத் தரையில் பாய். காலையில் வந்ததும் எந்த வார்டில் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுவது வள்ளிநாயகியின் வேலை. பல நாள் மேலே ‘இல்லை’ என்று எழுதிவிட்டுக் கீழே வந்து ‘பதினெட்டு’ என்று எழுதுவாள். முதல் மாதம் அதை அவள் ஒரு கணக்காகத்தான் பார்த்தாள்.

இரண்டாம் மாதம் ஒரு காரியம் நடந்தது. மேல் வார்டைத் துடைத்து முடித்ததும் தாகமெடுத்து, அங்கிருந்த வடிகட்டியிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். வெள்ளைக்கார சிஸ்டர் ஒருத்தி வாசலில் நின்று பார்த்தாள். திட்டவில்லை. குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டு விரலால் அந்தக் கிளாசை வாங்கி, குப்பைவாளியில் போட்டுவிட்டு, “பரவாயில்லை, உனக்குத் தெரியாது” என்று சிரித்தபடியே போனாள். அந்தச் சிரிப்புத்தான் வள்ளிநாயகிக்குப் பொறுக்கவில்லை. அதற்கு முந்திய நாள்தான் அதே வார்டில் ஒரு துரைசானியின் வாந்தியை அவள் கையால் அள்ளியிருந்தாள். வாந்தி அள்ளும் கைக்குக் கிளாஸ் பிடிக்க உரிமை இல்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. கீழ்வார்டு பள்ளத்தில் இருந்தது. சாக்கடை நிரம்பினால் தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வரும். அந்த வாரம் பத்தொன்பது பெண்கள் இருந்தார்கள். வாசலோரப் பாயில் பேச்சியம்மா கிடந்தாள். முனிசிபல் கூலிகளுக்கான வரிசைவீடுகளில், கூலிலைனில் இருப்பவள். புருஷன் பக்கிரிசாமி சாக்கடை வெட்டும் வேலையில் இருந்தான். பேச்சியம்மாவுக்குப் பெண்பிள்ளை பிறந்து மூன்று நாள். பிரசவக் காய்ச்சல் கண்டு உடம்பு தூக்கிப்போட்டது. காலையில் வந்து பார்த்த டாக்டர் ஜெயராஜ், கல்கத்தாவில் படித்து வந்த இளைஞர், “இந்த அம்மாவ ஈரத்துல போடக்கூடாது. காய்ஞ்ச இடத்துல, கட்டில்ல வைக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தக் கட்டிலில் என்று அவர் சொல்லவில்லை.

கட்டிலில் இருந்த பன்னிரண்டு பேரில் யாரையும் இறக்க முடியாது. வள்ளிநாயகி மேட்ரனிடம் போனாள். மேல் வார்டு ஒன்பது நாளாகக் காலியாகக் கிடந்தது.

“மேலே இருந்து ஒரே ஒரு கட்டிலைக் கீழே இறக்கிக்கொள்ளலாமா, மேட்ரன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அந்தக் கட்டில்கள் அதற்கானவை இல்லை.”

“மழை நிற்கும் வரைக்கும் மட்டும்.”

மிஸ் கார்ட்டன் பேனாவைக் கீழே வைத்தாள். “திரும்பி வந்ததும் அந்த மெத்தையை நான் என்ன செய்வது, வள்ளி? அதில் பிறகு யாரைப் படுக்கவைப்பது?” என்று பொறுமையாகக் கேட்டாள். பொறுமையாகக் கேட்டதால் அது நியாயமான கேள்விபோலவே இருந்தது. வள்ளிநாயகி கீழ்வார்டுக்குத் திரும்பிவந்தாள்.

ஒரு மணிக்குத் தண்ணீர் பாயைத் தொட்டது. வார்டு ஆயா ரொஸ்னா துணியால் அணைபோட்டுப் பார்த்தாள். நிற்கவில்லை. ரொஸ்னா முப்பது வயது விதவை, நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் பினாங்கு. பேச்சியம்மாவின் பாயை மூன்று தடவை நகர்த்திவிட்டாள். இனி நகர்த்த இடமில்லை. குழந்தையைத் தன் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, மேல தூக்கிட்டுப் போயிடுவோமா?” என்றாள் வள்ளிநாயகி.

ரொஸ்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “மிஸ்ஸி, வெளையாடுறீங்களா? வேல போயிரும் லா.”

“நான்தான் சொன்னேன்னு சொல்லிக்கலாம்.”

“மிஸ்ஸி சொன்னா எனக்குப் போகாதா?” என்றாள் ரொஸ்னா. ஆனால் எழுந்துவிட்டாள். “இரும்புப் படி வழுக்கும். முன்படிலயே போவோம்.”

அப்படித்தான் ஏறினார்கள். ரொஸ்னா ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பேச்சியம்மாவின் இடுப்பும். வள்ளிநாயகி மறுபக்கம். மெருகேற்றிய மரப்படியில் ஈரக்காலின் தடம் விழுந்துகொண்டே வந்தது. பேச்சியம்மாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நடுப்படியில் நின்று, “எங்க கூட்டிப்போறீங்க, ஆத்தா?” என்று கேட்டாள். “காய்ஞ்ச எடத்துக்கு” என்றாள் வள்ளிநாயகி.

மூன்றாம் கட்டிலில் படுக்கவைத்து, ஈரத்துணியை மாற்றி, கம்பளி போர்த்தினார்கள். பேச்சியம்மா வெள்ளை விரிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். “இதுல அழுக்கு ஒட்டிக்கப்போவுது” என்று பயந்து ஓரமாக ஒதுங்கினாள். அந்த நிலையிலும் ஒதுங்கினாள். இந்தப் பயத்தை இவளுக்கு யார் ஊட்டினார்கள், எத்தனை வருஷமாக ஊட்டினார்கள் என்று யோசித்தபடி வள்ளிநாயகி அவளைக் கட்டிலின் நடுவே இழுத்துப் படுக்கவைத்தாள்.

டாக்டர் ஜெயராஜை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். அவர் வாசலில் வந்து நின்று, கட்டிலைப் பார்த்தார், வள்ளிநாயகியைப் பார்த்தார், வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு உள்ளே வந்து நாடி பிடித்து, மருந்து கொடுத்து, சீட்டில் எழுதினார். போன பிறகு வள்ளிநாயகி சீட்டை எடுத்துப் பார்த்தாள். வார்டு என்ற இடத்தில் ‘கீழ்த்தளம்’ என்று எழுதியிருந்தார்.

நாலரை மணிக்கு மேட்ரன் வந்தாள். படியில் இருந்த கால்தடங்கள் அவளுக்குச் செய்தி சொல்லிவிட்டன.

“இவளை உடனே கீழே கொண்டுபோ.”

வள்ளிநாயகி கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். “காய்ச்சல் இப்போதுதான் இறங்குகிறது, மேட்ரன். டாக்டர் கட்டிலில் வைக்கச் சொன்னார்.”

“வள்ளி, உன்னைக் கெட்டவள் என்று நான் நினைக்கவில்லை. உனக்கு இரக்கம் அதிகம். ஆனால் இந்த ஜனங்களுக்குத் தரையில் படுத்துப் பழக்கம். கட்டிலில் போட்டால் விழுந்துவிடுவார்கள்.”

“தரையில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீரில் படுத்து யாருக்கும் பழக்கமில்லை.”

“நீ அவர்களில் ஒருத்தி கிடையாது. அது உனக்கே தெரியும்.”

“கிளாசைக் குப்பையில் போட்டபோது நான் யாரில் ஒருத்தியாக இருந்தேன்?”

மேட்ரனுக்கு இது புரியவில்லை. அவள் அந்தக் கிளாசைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாள். இரண்டு ஆண் தோட்டிகளைக் கூப்பிட்டு, பேச்சியம்மாவை ஒரு பலகையில் வைத்துப் பின்படி வழியாக இறக்கச் சொன்னாள். வள்ளிநாயகி ஒருவனுடைய கையைப் பிடித்துத் தடுத்தாள். “மிஸ்ஸி, எங்கள மன்னிச்சுக்குங்க” என்று அவன் கையை விடுவித்துக்கொண்டான். அவன் பேரில் அவளுக்குக் கோபமில்லை. அவனும் தமிழன்தான், அதே கூலிலைன்காரன்தான் என்பதுதான் அவளைக் கூசவைத்தது.

அடுத்த நாள் காலை மூன்றாம் கட்டிலின் மெத்தையைச் சமையல்கட்டுக்குப் பின்னால் போட்டு எரித்தார்கள். மழையில் தீ பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மறுபடி ஊற்றினார்கள். கீழ்வார்டு ஜன்னலிலிருந்து எழுந்து நிற்க முடிந்த பெண்களெல்லாம் அதைப் பார்த்தார்கள். தாங்கள் படுக்க ஒரு மெத்தை இல்லாதவர்கள், ஒரு நல்ல மெத்தை கரியாவதைப் பார்த்தார்கள். அது எதற்காக எரிகிறது என்று அவர்களில் யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ரொஸ்னாவை அன்றே நிறுத்திவிட்டார்கள். விசாரணை இல்லை, கடிதம் இல்லை. கேட்டில் காவல்காரன் “உள்ளே விடவேண்டாம்னு உத்தரவு” என்றான், அவ்வளவுதான். வள்ளிநாயகியை மட்டும் விசாரித்தார்கள், நல்ல குடும்பத்துப் பெண் என்பதால். இது அவளுக்கு ஆயுசு முழுவதும் ஆறாத புண்ணாக இருந்தது. யோசனை தன்னுடையது, முதல் அடி விழுந்தது ரொஸ்னாவுக்கு.

நான்காம் நாள் விசாரணை. ஆஸ்பத்திரி சூப்பிரண்டென்ட் முன்னால் டாக்டர் ஜெயராஜ் வந்து நின்றார். நோயாளி எப்போதும் கீழ்த்தளத்தில்தான் இருந்ததாகத் தான் நினைத்ததாகச் சொன்னார். சீட்டைச் சாட்சிக்குக் காட்டினார். வள்ளிநாயகி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மா பிழைத்துவிட்டாள். மழை நின்று, கீழ்வார்டில் தண்ணீர் வடிந்து, காய்ச்சலும் இறங்கிவிட்டது. வள்ளிநாயகிக்கு அது எத்தனை சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். ஆனால் சூப்பிரண்டென்ட் அதையே எடுத்து அவள்மேல் வீசினார். “பார், அந்தப் பெண் தரையிலேயே குணமாகிவிட்டாள். ஆகவே கட்டில் தேவைப்படவில்லை என்பது நிரூபணமாகிறது” என்றார். செத்திருந்தால் மேலே தூக்கிப்போனதால் செத்தாள் என்றிருப்பார்கள். பிழைத்தால் தரையால் பிழைத்தாள் என்கிறார்கள். அந்தப் பெண்ணின் உயிரைக்கூட அவர்கள் தங்கள் பக்கத்துச் சாட்சியாக்கிக்கொண்டார்கள்.

ஒரு காகிதத்தை அவளிடம் நீட்டினார்கள். டைப் அடித்து வைத்திருந்தார்கள். சுகாதார விதிகள் தெரியாத அறியாமையால் இப்படிச் செய்துவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும்.

“இதில் ஒரு சொல் தப்பு” என்றாள் வள்ளிநாயகி. “அறியாமை இல்லை. தெரிந்துதான் செய்தேன்.”

யோசிக்க இரண்டு நாள் கொடுத்தார்கள். அதற்குள் செய்தி குலசேகரத்தின் அலுவலகத்துக்கே போய்விட்டது. அவர் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

“பிள்ளை, கையெழுத்தைப் போட்டிட்டு வா. ஒரு சொல்லிலை என்ன கிடக்கு?”

“ஐயா, அந்தச் சொல்லிலைதான் எல்லாம் கிடக்கு.”

“ஆரோ ஒரு கூலிப்பொம்பிளைக்காக என்ரை பேரையும் உன்ரை வேலையையும் நாசமாக்கிப்போட்டாய். அவையள் வேறை, நாங்கள் வேறை எண்டு உனக்கு விளங்கேல்லையோ?”

“நாங்கள் வேறை எண்டு நீங்கள்தான் சொல்லுறியள். நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல், வருத்தம் எண்டு வந்தாலும் அந்த மேல்வார்டிலை படுக்க விடமாட்டினம். ரெண்டு பேருக்கும் ஒரே பின்படிதான், ஐயா.”

குலசேகரம் விளக்கு ஏற்றிய பிறகும் தொப்பியோடே உட்கார்ந்திருந்தார்.

வள்ளிநாயகி கையெழுத்துப் போடவில்லை. வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவள் உட்கார்ந்து பத்திரிகைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினாள். அதில் அழுகை எதுவும் கிடையாது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை தொண்ணூற்றிரண்டு நாள். அதில் மேல்வார்டு முழுக்கக் காலியாகக் கிடந்தது நாற்பத்தொரு நாள். எட்டுக் கட்டிலும் நிரம்பிய நாள் ஒன்றுகூட இல்லை. அதே நாட்களில் கீழே தரையில் படுத்தவர்கள் எந்தெந்தத் தேதியில் எத்தனை பேர். எல்லாம் அவள் கையாலேயே தினம் எழுதியவை, அதனால் மறக்கவில்லை. கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது குலசேகரம் சிவப்புப் பென்சிலோடு அதன்மேல் குனிந்திருந்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் இலக்கணம் திருத்திக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அவள் ‘வருந்துகிறேன்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘கேட்கிறேன்’ என்று எழுதினார்.

ஆங்கிலப் பத்திரிகைகள் போட மறுத்துவிட்டன. ஒரு தமிழ்ப் பத்திரிகை அதைத் தமிழாக்கி உள்பக்கத்தில் சிறிதாகப் போட்டது. கூலிலைன்களில் அதை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கூடி நின்று கேட்டார்கள். அந்த வாரத்தில் ஒருநாள் பேச்சியம்மாவின் புருஷன் பக்கிரிசாமி வந்து வேலிக்கு வெளியே நின்றான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். “அங்கையே நில்லும்” என்றார் குலசேகரம், பழக்கதோஷத்தில். வள்ளிநாயகி உள்ளேயிருந்து நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து முன்னறையில் போட்டு, “உள்ள வாங்கண்ணே, உக்காருங்க” என்றாள். குலசேகரம் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இலக்கணம் திருத்திய அதே மனிதர்தான். அவரால் அதுவரைக்கும்தான் வரமுடிந்தது.

மூன்று மாதம் கழித்துக் கீழ்வார்டுக்குப் பத்துப் புதுக் கட்டில்கள் வந்தன. வாசலில் உயரமாகத் தரை எழுப்பினார்கள். சுவரில் ஒரு பித்தளைப் பலகை பதித்தார்கள். ஏழைகள் பேரில் கருணைகொண்டு ஒரு ரப்பர்த் தோட்டத் துரை அளித்த நன்கொடை என்று அதில் வெட்டியிருந்தது. மேல்வார்டு அப்படியே இருந்தது, காலியாக. வெள்ளைக்காரனின் கருணைக்குப் பலகை உண்டு. தமிழச்சி கேட்ட நியாயத்துக்கு வேலைநீக்கக் கடிதம் உண்டு. கட்டில் வந்ததே போதும் என்று சிலர் அவளைத் தேற்றினார்கள். போதாது என்றாள்.

வேறு எந்த ஆஸ்பத்திரியும் அவளை எடுக்கவில்லை. ரொஸ்னாதான் தேடிவந்தாள். அவள் இப்போது லெபோ ஆச்சே தெருப் பக்கத்தில் ஹபீபா பீவி என்ற மருத்துவச்சியிடம் உதவி வேலை செய்துகொண்டிருந்தாள்.

“என்மேல கோவம் இல்லியா அக்கா?” என்று வள்ளிநாயகி கேட்டாள்.

“இருந்துச்சு” என்றாள் ரொஸ்னா. “ஒரு மாசம் உங்க பேரைச் சொல்லித் திட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் யோசிச்சேன், மெத்தைய எரிச்சவங்கள விட்டுட்டு இந்தப் புள்ளைய எதுக்குத் திட்டுறேன்னு. வாங்க, பீவிக்குப் படிச்ச ஆள் வேணுமாம்.”

இரண்டு வருஷம் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு, கூலிலைன் என்று பார்க்காமல் போனார்கள். முறைப்படி பதிவுசெய்த மருத்துவச்சி ஆவதற்கு வள்ளிநாயகி இரண்டு தடவை மனுப் போட்டாள். பழைய ஆஸ்பத்திரியிலிருந்து நன்னடத்தைச் சான்று வேண்டும் என்று இரண்டு தடவையும் திருப்பிவிட்டார்கள். 1939-இல் விதி மாறியது. பரீட்சை எழுதினால் போதும் என்றார்கள். எழுதினாள், தேறினாள்.

பதிவு அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முந்தைய வேலையை விட்ட காரணம் என்று அதில் ஒரு கட்டம். அவள் எழுதி நீட்டியதை அங்கிருந்த கிராணி வாசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்.

“தங்கச்சி, சொந்தக் காரணம் எண்டு எழுதினால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஏன் வில்லங்கம்?”

“என்ரை சொந்தக் காரணம் இல்லை, அண்ணை. அவையின்ரை காரணம்.”

அவர் படிவத்தை மறுபடி பார்த்தார். ‘பிரசவக் காய்ச்சலில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணை, ஐரோப்பியருக்கென்று காலியாக வைத்திருந்த கட்டிலில் படுக்கவைத்ததற்காக நீக்கப்பட்டேன்’ என்று தெளிவான கையெழுத்தில் இருந்தது. பிறகு முத்திரையை எடுத்துக் குத்தி, அதிகாரியின் தட்டில் மற்றப் படிவங்களுக்கு நடுவே செருகினார்.

பத்து நாளில் சான்றிதழ் வந்தது. அது வந்த காலையில் வள்ளிநாயகி வீட்டில் இல்லை. துறைமுகத்துக் கூலிலைனில் ஒரு தலைப்பிரசவம், ரொஸ்னாவும் அவளும் விடியும்போதே சைக்கிளில் போயிருந்தார்கள். குலசேகரம் உறையைப் பிரித்து, நின்றபடியே இரண்டு தடவை வாசித்து, மகளின் மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.